மான்ஸ்டர் சூட்டுக்குள் நடிப்பது எப்படி? புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரையில் ஒரு ராட்சதப் பிராணி வந்து நின்றால் எல்லாரும் அதன் பல்லையும் நகத்தையும் பார்ப்பார்கள். நான் முழங்காலைப் பார்ப்பேன். உள்ளே ஆள் இருக்கிறாரா, கம்ப்யூட்டரில் வரைந்ததா என்பது எடை மாறுகிற இடத்தில், முழங்காலிலும் இடுப்பிலும், தெரிந்துவிடும். ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் எனக்குக் கதை மறந்துபோகும். அவர் எந்த ஓட்டை வழியாகப் பார்க்கிறார், எப்படி மூச்சு விடுகிறார், இன்னும் எத்தனை நிமிஷம் தாங்குவார் என்றே மனசு ஓடும்.

பொருட்காட்சியில் கரடி, இரண்டு விளம்பரங்களில் பூதம், ஒரு குழந்தைகள் நாடகத்தில் டிராகன். இதுதான் என் அனுபவம். ஆனால் சூட்டுக்குள், அதாவது அந்த வேஷ உடைக்குள், நின்ற ஒவ்வொரு மணி நேரமும் நினைவிருக்கிறது. இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக, நான் பட்டுக் கற்றதையும், இதை உலகத்திலேயே சிறப்பாகச் செய்தவர்களிடமிருந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வகை உண்டு. உடம்பு முழுவதையும் மூடுகிற ரப்பர் சூட் ஒன்று. முகத்திலும் உடம்பிலும் துண்டு துண்டாக ஒட்டுகிற புராஸ்தெடிக் மேக்கப் இன்னொன்று. மூன்றாவது மோஷன் கேப்சர்: உங்கள் அசைவை மட்டும் பதிவுசெய்து, அதன்மேல் பிராணியைக் கம்ப்யூட்டரில் கட்டுவார்கள். பெரும்பாலும் இவை கலந்தே வரும். மூன்றிலும் உங்கள் சொந்த முகம் போய்விடும். முகம் போனபிறகு மிச்சமிருக்கிற உடம்பை வைத்து நடிக்கத் தெரிவதுதான் இந்தத் தொழில். கீழே சொல்லப்போவது எல்லாமே அதற்கான தயாரிப்பு.

ஜப்பானில் இதற்கு ‘சூட் ஆக்டர்’ என்று தனிப்பெயரே இருக்கிறது. இந்த வழியில் முன்னால் நடந்தவர் ஹாருவோ நகாஜிமா. 1954-இல் வந்த முதல் காட்ஸில்லாவுக்குள் இருந்தவர் அவர். அதற்குமுன் சண்டைக் காட்சிகளில் விழுந்து எழுகிற சின்ன நடிகர். முதலில் செய்த சூட் ஏறக்குறைய 100 கிலோ. அதை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தபோது பத்து மீட்டர் போவதற்குள் திணறிவிட்டார். பிறகு செய்த சூட்டும் ஒன்றும் லேசில்லை. அதற்குள் நின்றுகொண்டு, 1972 வரை 12 படங்களில் காட்ஸில்லாவாக நடித்தார்.

படி 1: உங்கள் உடம்பை நேர்மையாக அளந்து பாருங்கள்

உயரமாக இருந்தால்தான் வாய்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உயரம் உதவும், மறுக்கவில்லை. 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் பிராணிக்குள் இருந்த போலாஜி படேஜோ நைஜீரியாவைச் சேர்ந்தவர். லண்டனில் டிசைன் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு மதுக்கடையில் அவரைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் உயரத்தோடு இன்னொன்றையும் பார்த்தார்கள்: அவர் ஒல்லி. சூட் என்பது உடம்பின்மேல் சதை சேர்ப்பது. ஏற்கெனவே சதை இருந்தால் பிராணி பொம்மைபோலக் குண்டாகத் தெரியும். ஒல்லியான ஆள்மேல் எதையும் கட்டலாம்.

குள்ளமானவர்களுக்கும் இங்கே இடமுண்டு. 1983-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் வார்விக் டேவிஸ் ஈவாக் என்ற கரடிபோன்ற குட்டிப் பிராணியாக நடித்தபோது அவருக்கு 11 வயது. வித்தியாசமான உடம்புக்கும் இடமுண்டு: ஸ்பெயின் நாட்டு நடிகர் ஹவியர் போட்டெத்துக்கு மார்ஃபான் என்ற பிறவிக் குறைபாடு. கை, கால், விரல் எல்லாம் அசாதாரண நீளம். அந்த உடம்பையே அவர் தன் கலையாக்கிக்கொண்டார்.

நீங்கள் உண்மையில் சோதிக்க வேண்டியவை வேறு. மூடிய இடத்தில் பயம் வருமா? லேடெக்ஸ் ரப்பர் ஒத்துக்கொள்ளுமா? ஆஸ்துமா, இதயக் கோளாறு, அடிக்கடி மயக்கம் ஏதாவது உண்டா? லேடெக்ஸ் அலர்ஜியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், மூச்சே அடைத்துவிடும். தோல் மருத்துவரிடம் ஒரு தடவை சோதித்துக்கொண்டு வாருங்கள். மூடிய இட பயத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பைக் ஹெல்மெட்டின் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு ஓட்டை மட்டும் விடுங்கள். தடிமனான ஸ்வெட்டர் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் வீட்டுக்குள் நடங்கள். முதல் மூன்று நிமிஷம் எல்லாருக்கும் நெஞ்சு படபடக்கும். அதற்குப் பிறகு அடங்குகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. ஏறிக்கொண்டே போனால் கழற்றிவிடுங்கள். அதில் வெட்கமே இல்லை. மோஷன் கேப்சர் பக்கம் போகலாம், அங்கே முகத்தை மூட மாட்டார்கள்.

படி 2: அசைவைக் கற்றுக்கொள்ளுங்கள், குறைந்தது இரண்டு வருஷம்

இதை யாரும் தாண்டிப் போக முடியாது. இன்று இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த பெயர் டக் ஜோன்ஸ். 1960-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் பிறந்தவர். கல்லூரியில் மைம், அதாவது பேசாமல் உடம்பால் மட்டும் நடிக்கிற கலை, செய்கிற குழுவில் இருந்தார். அதே கல்லூரியின் விளையாட்டு அணிக்காகப் பறவை வேஷம் போட்டு மைதானத்தில் ஆடினார். 1980-களில் மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் பிறை நிலாத் தலையோடு நடித்த ஆளும் அவர்தான். 2017-இல் வந்த ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்தின் நீர்மனிதனாக உலகமே அவரைப் பார்த்ததற்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கும் மேலான மைம் இருக்கிறது.

படேஜோவையும் உயரத்துக்காக எடுத்துவிட்டு அப்படியே சூட்டுக்குள் தள்ளிவிடவில்லை. தைச்சி என்ற சீன உடற்பயிற்சியும் மைமும் கற்றுக்கொடுத்தார்கள். டெரி நோட்டரி சர்க்கஸிலிருந்து வந்தவர். மற்ற நடிகர்களுக்குக் குரங்கு நடை சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வளர்ந்து, 2017-இல் தானே கிங் காங்கும் ஆனார். 2016-இல் ஜப்பானியக் காட்ஸில்லா கம்ப்யூட்டருக்கு மாறியபோதுகூட, அதன் அசைவுக்காக மான்சாய் நொமுராவை அழைத்தார்கள். அவர் கியோகென் என்ற பழைய ஜப்பானிய மேடைக் கலையின் நடிகர்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கட்டைக்கூத்தில் ஆடுகிறவர்கள் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் என்று மரக்கட்டை அணிகளைச் சுமந்துகொண்டு ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள். உடம்பின் எடையும் அணியின் எடையும் ஒன்றாகிப்போகிற அந்த நிலைதான் சூட்டுக்குள்ளும் வேண்டும். புரிசையிலோ காஞ்சிபுரம் பக்கத்திலோ கூத்து நடந்தால் போய் முன்வரிசையில் உட்காருங்கள். கிரீடம் வைத்தவர் திரும்பும்போது கழுத்து தனியாகத் திரும்புகிறதா, தோளோடு சேர்ந்து திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். களரியும் சிலம்பமும் கால் வலுவுக்கு நல்லவை. சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக்குழு வழியில் வந்த பயிற்சிகளும் உதவும்.

அப்புறம் விலங்குகள். நகாஜிமா டோக்கியோவின் யூனோ விலங்குக்காட்சிசாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துத்தான் காட்ஸில்லாவின் நடையைப் பிடித்தார். நானும் அதைக் கேட்டு வண்டலூருக்குப் போனேன். மூன்று நாள் ஒரே கரடியின் முன்னால் நின்றேன். முதல் நாள் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் நாள், அது முன்னங்கால் பாதங்களை உள்பக்கமாகத் திருப்பி வைக்கிறது என்று கண்ணில் பட்டது. மூன்றாம் நாள்தான் முக்கியமானது பிடிபட்டது: தலைதான் முதலில் போகிறது, மூக்கு ஒரு வாசனையைப் பிடித்து இழுக்கிறது, தோள் அதன் பின்னால் உருண்டு வருகிறது, இடுப்புக்குக் கடைசியில்தான் செய்தி போய்ச் சேருகிறது. அன்று சாயங்காலம் வீட்டு மொட்டைமாடியில் அதே வரிசையில் நடந்து பார்த்தேன். அதுவரை நான் கரடி உடையில் மனிதனாகத்தான் நடந்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. ஒரு விலங்கை முழுசாகக் காப்பியடிக்க வேண்டாம். அதன் உடம்பில் எது முதலில் கிளம்புகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: முகமூடியோடு பழகுங்கள்

புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. முகம் தெரியாது என்ற பதற்றத்தில் தலையைச் சும்மா ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது கோயில் திருவிழாவில் விற்கிற தலையாட்டி பொம்மை. மான்ஸ்டர் பயமுறுத்துவது அசையாமல் நிற்கும்போதுதான். அசையாமல் நின்று, மூச்சை மட்டும் முதுகில் வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி: முகமூடியின் கண் இருக்கிற இடத்தில் உங்கள் கண் இருக்காது. நீங்கள் அதன் வாய் வழியாகவோ கழுத்து வழியாகவோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 2006-இல் வந்த ‘பேன்ஸ் லேபிரிந்த்’ படத்தில், உள்ளங்கையில் கண் வைத்த அந்த வெளிறிய மனிதனாக நடித்த டக் ஜோன்ஸ் மூக்குத் துவாரங்கள் வழியாகத்தான் வெளியே பார்த்தார். ஆகவே உங்களுக்கு எது தெரிகிறது என்பதை மறந்துவிட்டு, பிராணியின் மூக்கு யாரைக் காட்டுகிறது என்று கவனியுங்கள். தாடையைக் கொஞ்சம் இறக்கினால் கோபம், ஏற்றினால் ஆர்வம். அட்டைப்பெட்டியில் ஒரு முகத்தை வரைந்து தலையில் மாட்டி, போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். கண்ணாடி முன்னால் பழகுவதைவிட வீடியோதான் உண்மையைச் சொல்லும்.

படி 4: அச்சு எடுக்கும் நாள்

சூட் செய்கிறவர்கள் முதலில் உங்கள் உடம்பை அச்செடுப்பார்கள். முகத்தில் ஆல்ஜினேட் என்ற குழைவைப் பூசி, அதன்மேல் மாவுக்கட்டுத் துணி சுற்றுவார்கள். மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருக்கும். சில இடங்களில் இப்போது ஸ்கேனர் போதும். அச்சின்மேல் களிமண்ணில் பிராணியைச் செதுக்கி, அதிலிருந்து மோல்டு எடுத்து, அடுப்பில் வேகவைத்த நுரை ரப்பரிலோ சிலிகானிலோ தோல் செய்வார்கள்.

அன்று இரண்டு விஷயம். நிற்கும்போது முழங்காலைப் பூட்டி நிற்காதீர்கள், ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வந்துவிடும். அச்செடுத்த நாளிலிருந்து ஷூட்டிங் முடிகிறவரை உடல் எடையை மாற்றாதீர்கள். மூன்று கிலோ இளைத்தால் சூட்டுக்குள் நீங்கள் வழுக்குவீர்கள், தோல் சுருங்கும், கேமரா அதைப் பிடித்துவிடும்.

சூட்டை மாட்டிப் பார்க்கும் நாளில் செய்கிறவர்களிடம் நட்பாக இருங்கள். இறுக்கும் இடத்தை உடனே சொல்லுங்கள். “பரவாயில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்” என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே ஆபத்து. காலை ஒன்பது மணிக்கு லேசாக உரசுகிற இடம் மத்தியானம் மூன்று மணிக்குப் புண்ணாகியிருக்கும்.

படி 5: சூடு

இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

நுரை ரப்பர் உடம்புக்குக் கம்பளி மாதிரி. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சூட்டுக்குள் அது ஆவியாக வழியே இல்லை. நகாஜிமாவின் காலத்தில் ஸ்டுடியோ விளக்குகளும் சேர்ந்துகொண்டன. பிராணியின் அசைவு கனமாகத் தெரிவதற்காகக் கேமராவை வேகமாக ஓட்டுவார்கள், அதற்கு வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும். உள்ளே போட்டிருந்த பனியனைப் பிழிந்தால் வாளியில் பாதி வியர்வை சேரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1984 முதல் 1995 வரை காட்ஸில்லாவாக இருந்த கென்பச்சிரோ சட்சுமா காற்று போதாமல் பலமுறை மயங்கி விழுந்திருக்கிறார்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒரு பொருட்காட்சியில் கரடி சூட்டுக்குள் இருந்தேன். ஏப்ரல் மாதம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கழற்றலாம் என்று பேச்சு. அன்று கூட்டம் அதிகம் என்று ஒரு மணி நேரம் விடவில்லை. நானும் கேட்கவில்லை. குழந்தைகள் போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்கள், எப்படிப் போவது? முதலில் குமட்டியது. பிறகு, அந்த வெயிலில், கையில் மயிர்க்கூச்செறிந்து குளிர ஆரம்பித்தது. குளிர்கிறதே, நல்லதுதானே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது தரையில் கிடந்தேன். சோடா விற்கிற அக்கா ஒருவர்தான் தலையைக் கழற்றி ஐஸ் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சூட்டுக்குள் குளிர்ந்தால் அது அபாயம். குமட்டல், குளிர், திடீரென்று வியர்வை நிற்பது, யாராவது கேட்டால் பதில் குழறுவது: இதில் ஒன்று வந்தாலும் அந்த நொடியே சைகை காட்டி ஜிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். டேக் கெட்டால் இன்னொரு டேக் எடுக்கலாம்.

முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கத் தொடங்குங்கள். காலையில் உப்பு போட்ட மோரோ நீராகாரமோ நல்லது. செட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் நீளமான ஸ்ட்ராவும் உங்கள் பையில் இருக்கட்டும், கம்பெனி தரும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர் கழிக்கக் கஷ்டம் என்று தண்ணீரைக் குறைக்கிறவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். பெரிய படங்களில் கூலிங் வெஸ்ட் கொடுப்பார்கள். பனியனுக்குள் மெல்லிய குழாய்கள் ஓடும். டேக்குக்கு நடுவே அதை ஐஸ் தண்ணீர்ப் பெட்டியோடு இணைத்துவிடுவார்கள். அது இல்லையென்றால், எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு கூட்டம் சேர்ந்ததும் காற்றில் போய்விடும்.

படி 6: செட்டில்

உங்களுக்கு மிக நெருக்கமான ஆள் இயக்குநர் இல்லை, டிரெஸ்ஸர். ஜிப் போடுகிறவர், தண்ணீர் ஊட்டுகிறவர், கையைப் பிடித்து நடத்துகிறவர் அவர்தான். காலையில் முதல் வேலையாக அவரோடு மூன்று சைகை பேசி வையுங்கள்: நலம், தண்ணீர், உடனே திற. 1954-இல் வந்த ‘கறுப்புக் குளத்துப் பிராணி’ படத்தில் அந்தப் பிராணியாகத் தண்ணீருக்கடியில் நீந்திய ரிக்கூ பிரவுனிங் சூட்டுக்குள் ஆக்ஸிஜன் தொட்டி வைத்துக்கொள்ளவில்லை. நான்கு நிமிஷம்வரை மூச்சடக்குவார். காற்றுக் குழாயோடு கேமராவுக்கு வெளியே காத்திருந்தவர்களை நம்பித்தான் ஒவ்வொரு முறையும் நீந்திப் போனார்.

அடுத்தது, கண்ணை நம்பாதீர்கள். 1987-இல் வந்த ‘பிரிடேட்டர்’ மெக்ஸிகோ காட்டில் எடுத்த படம். அதில் பிராணியாக நடித்த, ஏழடிக்கு மேல் உயரமான கெவின் பீட்டர் ஹாலுக்கு முகமூடி போட்டால் ஒன்றும் தெரியாது. முகமூடி இல்லாமல் நடந்து பார்த்து, மரம் எங்கே, பள்ளம் எங்கே, எதிராளி எங்கே என்று மனப்பாடம் செய்துகொள்வார். நீங்களும் அடிகளை எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் டேப் ஒட்டுவதற்குப் பதிலாகக் காலுக்குத் தட்டுப்படுகிற சின்ன மணல்மூட்டை ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

காதையும் நம்ப முடியாது. பிராணியின் புருவமும் காதும் அசைவதற்குத் தலைக்குள் சின்ன மோட்டார்கள் வைத்திருப்பார்கள். அவற்றின் இரைச்சலில் எதிரே பேசுகிறவர் குரல் கேட்காது. ‘பேன்ஸ் லேபிரிந்த்’தில் டக் ஜோன்ஸுக்கு ஸ்பானிஷ் மொழியே தெரியாது. அதே படத்தில் தன் இன்னொரு வேஷமான ஆட்டுக்கொம்பு பூதமாக, ஐந்து மணி நேர மேக்கப்போடு நின்றுகொண்டு, தன் வசனத்தோடு எதிரே நடித்த சிறுமியின் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்தார். அவள் வாய் அசைவது நின்றால் தன் முறை. எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த செய்தி இதுதான். வெளிநாட்டு மொழியில், தனக்குக் கேட்கவே கேட்காத வசனத்தை, இன்னொருவருடைய நடிப்புக்காக ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

உங்கள் வசனம் பின்னால் டப்பிங்கில்தான் வரும் என்றாலும் சத்தமாகப் பேசியே நடியுங்கள். பேசினால்தான் நெஞ்சும் தொண்டையும் அசையும்.

படி 7: வாய்ப்பு தேடுவது

ஒரு வீடியோ தயார் செய்யுங்கள். ஒன்றரை நிமிஷம் போதும். முகத்தை மூடி, உடம்பை ஒட்டிய சாதாரண உடையில், தலைமுதல் கால்வரை தெரிகிற ஒரே ஃபிரேமில், மூன்று வெவ்வேறு பிராணிகள். பாட்டு, எடிட்டிங் எதுவும் வேண்டாம். உயரம், மார்பு, இடுப்பு, செருப்பு அளவு, கை விரித்த நீளம் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். நடிகர் தேர்வு செய்கிறவர்களுக்கு மட்டும் அனுப்பாமல், சூட்டும் மேக்கப்பும் செய்கிற பட்டறைகளுக்கும் அனுப்புங்கள். ‘இந்தச் சூட்டுக்கு இவர் சரி’ என்று முதலில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

வேலை அதிகம் நடக்கிற இடங்கள் லாஸ் ஏஞ்சலிஸ், லண்டன், நியூசிலாந்தின் வெலிங்டன், டோக்கியோ. ஜப்பானில் நடிகர் சானி சிபா 1970-இல் தொடங்கியதைப் போன்ற ஆக்‌ஷன் குழுக்கள் வழியாகத்தான் சூட் ஆக்டர்கள் வருகிறார்கள். குழந்தைகளுக்கான மேடை ஷோக்களில் தொடங்கி டி.வி.க்குப் போவார்கள். சென்னையில் இதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தீம் பார்க், விளம்பரம், குழந்தைகள் நாடகம் என்று மணிக்கணக்கைச் சேர்க்கலாம். நம் படங்களுக்கே புராஸ்தெடிக் வேலைக்கு வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்துபோகிறார்கள். ‘ஐ’ படத்துக்கு வெலிங்டனின் வேட்டா பட்டறை வேலை செய்தது. அப்படி ஒரு குழு ஊருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் உதவியாளாகவாவது உள்ளே போய்விடுங்கள்.

படி 8: பணமும் பெயரும்

சம்பளம் பேசும்போது சூட்டுக்குள் இருக்கிற நேரத்தோடு, மாட்டுகிற, கழற்றுகிற நேரமும் வேலை நேரம்தான் என்று கேட்டு வாங்குங்கள். உயரத்திலிருந்து குதிப்பது, தீ, தண்ணீர் என்றால் அது ஸ்டன்ட். தனிச் சம்பளம், தனி இன்சூரன்ஸ். தலைப்பு அட்டையில் உங்கள் பெயரும் பாத்திரத்தின் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்த வேலையில் பெயர் சுலபமாகத் தொலைந்துபோகும். 12 படங்களில் காட்ஸில்லாவாக இருந்த நகாஜிமா, ஸ்டுடியோவின் ஒப்பந்த நடிகர் முறை முடிந்தபோது, அதே நிறுவனத்தின் பௌலிங் விளையாட்டுக்கூடத்தில் வேலைக்கு அனுப்பப்பட்டார். மறுபக்கமும் உண்டு. 2004-இல் ‘ஹெல்பாய்’ படத்தில் டக் ஜோன்ஸ் நடித்த மீன்மனிதனுக்குக் குரல் கொடுத்தவர் டேவிட் ஹைட் பியர்ஸ். ஜோன்ஸின் நடிப்பைப் பார்த்துவிட்டு, இது அவருடைய பாத்திரம் என்று தன் பெயரைப் போடவே வேண்டாம் என்றார். அடுத்த படத்தில் ஜோன்ஸே பேசினார்.

வேலை முடிந்ததும்

கழற்றுகிற அவசரத்தில் ஒட்டிய துண்டுகளைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். பசை நீக்கியைத் தடவிவிட்டுப் பொறுமையாக உட்காருங்கள். உள்ளே போட்ட பனியனை அன்றே துவையுங்கள். சூட்டை உள்புறம் வெளியே திருப்பி, ஸ்பிரிட் தெளித்து, ஃபேன் காற்றில் காயப்போட்டிருக்கிறார்களா என்று டிரெஸ்ஸரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிழிசல் கண்ணில் பட்டால் அப்போதே காட்டுங்கள், ராத்திரியில் ஒட்டினால்தான் காலைக்குள் காயும். மறுநாள் ஐந்து மணிக்கு அந்தக் கால்களுக்குள் மறுபடி உங்கள் காலைத்தான் விட வேண்டும்.